வீட்டில் மனசு சரியில்லாத நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளையைப் பற்றிப் பேச வரும் பெற்றோர் பத்து நிமிடத்தில் தங்களைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வீடுகள் வேறு, வசதி வேறு, ஆனால் சந்தேகங்கள் என்னவோ ஒன்றேதான். எழுந்து போகும்போது, "இதையெல்லாம் எழுதித் தந்தா வீட்டுல காட்டலாமே" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகச் சேர்த்ததுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எங்க வீட்டுல யாருக்கும் மனநோய் எல்லாம் இல்லைங்க. அப்புறம் எதுக்கு இந்த மனநலப் பேச்சு?

காய்ச்சல் இல்லாத நாளிலும் உடம்பு என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது? மனசும் அப்படித்தான். நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு அவரிடம் பேசலாமா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்களா என்பது வேறு கேள்வி. இந்தப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்கள்.

தினமும் ஏதாவது ஒண்ணுக்கு முட்டிக்கிறோம். நாங்க நல்ல குடும்பமே இல்லையோன்னு தோணுது.

எட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருப்பார். திடீரென்று ஓரிரு நிமிடம் முகத்தில் எதையும் காட்டாமல் வெறுமனே பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் வராது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். பிறகு அம்மா பழைய அம்மாவாகத் திரும்பி வருவார், குழந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். டிரானிக் கண்டறிந்த இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய ஆறுதல். நன்றாக ஒட்டிப் பழகும் தாயும் குழந்தையும்கூட விளையாட்டின்போது ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் முழுக்க, விலகுவதும் திரும்பச் சேர்வதுமாகவே போகிறது.

அதனால் எத்தனை சண்டை என்று நான் யாரையும் கேட்பதில்லை. சண்டைக்குப் பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பேசுகிறீர்கள், யார் முதலில் பேசுவார் என்றுதான் கேட்பேன். அரை மணி நேரத்தில் "சரி வா, சாப்பிடலாம்" என்று யாராவது ஒருவர் கூப்பிடும் வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நாட்கணக்கில் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம் தருகிறது. அந்தப் பரிசோதனையில் இரண்டு நிமிடம் இருந்த அசையாத முகம், அந்த வீட்டில் மூன்று நாள் இருக்கிறது.

பிள்ளைங்க முன்னாடியே கத்திக்கிட்டோம். இப்ப என்ன செய்யறது?

சமாதானத்தையும் அவர்கள் முன்னாலேயே செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கிறது, சமாதானம் கதவைச் சாத்திய அறைக்குள் நடக்கிறது. பிள்ளைக்குக் கதையின் முதல் பாதிதான் தெரியும். மறுநாள் காலையில் எல்லாரும் சாதாரணமாக இருப்பார்கள். அது எப்படி என்று மட்டும் அதற்குப் புரியாது. மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். சண்டை முடிவுக்கு வந்ததைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது என்று கண்டார். "நேத்து நாங்க ரெண்டு பேரும் கத்தினோம், நீ பயந்துட்ட. பேசி முடிச்சுட்டோம். உன்னால வந்த சண்டை இல்ல அது." இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெற்றோர் சண்டைக்குத் தான்தான் காரணம் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கை நீட்டுவது, பொருளை எறிவது, மிரட்டுவது இவையெல்லாம் நான் சொல்லும் சண்டையில் சேராது. அங்கே சமாதானம் பேச நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முதலில் பாதுகாப்பான இடம், வெளியிலிருந்து உதவி, மற்றதெல்லாம் பிறகு.

கோபம் வந்தா எனக்குக் கண்ணுமண்ணு தெரியறதில்ல. பத்து வரைக்கும் எண்ணுன்னு சொல்றாங்க, பிரயோஜனமே இல்ல.

பத்து விநாடி போதாது, அதுதான் காரணம். ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை ஆய்வகத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாக்குவாதம் செய்யும்போது இதயத் துடிப்பை அளந்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால், எதிரில் இருப்பவர் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் உள்ளே போகாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டுமாம். அந்த 20 நிமிடமும் "அவ அப்படிச் சொன்னால்ல, நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. கையை வேறு வேலையில் போடுங்கள், நடங்கள், துணி மடியுங்கள்.

ஒன்று முக்கியம். எழுந்து போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் மிச்சம் இருப்பவருக்கு அது கைவிட்ட மாதிரி இருக்கும். ஒரு அப்பா, கோபம் ஏறினால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். போகும்போது ஐந்து வயது மகளிடம் சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள் நாலுக்கு வரும்போது அப்பா உள்ள வந்துடுவேன்" என்பார். அவள் கடிகாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். முள் நாலைத் தொட்டதும் ஓடிப் போய்க் கதவைத் திறப்பாளாம். இதைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு நாளும் அவர் நாலைத் தாண்டியதில்லை.

பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டா நம்ம மேல இருக்கற மரியாதை போயிடாதா?

போகாது. தவறு செய்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதால்தான் போகிறது. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "கத்தினது தப்புதான், ஆனா நீ அப்படிச் செஞ்சதாலதான் கத்தினேன்" என்பது மன்னிப்பில் சேராது, அது இரண்டாவது திட்டு. "கத்தினது என் தப்பு" என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை செய்த தவறை வேறொரு வேளையில் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கறான். அதுக்கு மேல வாயே திறக்கறதில்ல.

வாசலில் நிறுத்தி, முகத்துக்கு நேராகப் பார்த்துக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் அது விசாரணை மாதிரிதான் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஏதாவது செய்யும்போது பேச்சு தானாக வரும். ஒரு அம்மா சொன்னது இது. மழையில் நனைந்து வந்த மகனின் காலுறைகளை அவரும் அவனும் ஆளுக்கொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார்கள். தலையைத் தூக்காமலே அவன், "இன்னைக்கு என் பெஞ்சுல யாரும் உட்காரல" என்றானாம். அவருக்கு உடனே பள்ளிக்கு போன் போட வேண்டும் என்று இருந்தது. அடக்கிக்கொண்டு, "நாள் முழுக்கத் தனியாவா இருந்த?" என்று மட்டும் கேட்டார். காலுறை காய்ந்தே போகும் அளவுக்குப் பிழிந்தார்களாம், அவ்வளவு பேச்சு.

அறிவுரையைத் தள்ளிவைத்து, அவன் உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுங்கள். "அவமானமா இருந்திருக்கும்ல?" பெயர் தப்பாக இருந்தால் அவனே திருத்துவான். 2007ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், உணர்ச்சியை வார்த்தையில் சொல்லும்போது அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவது தெரிந்தது. ஆபத்து வந்தால் மூளையில் முதலில் மணி அடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. "சொன்னா மனபாரம் குறையும்" என்று நாம் சொல்லி வந்ததற்கு உடம்பிலேயே ஆதாரம் இருக்கிறது.

பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. ராத்திரி ஒரு மணிக்குத் தூங்கறா, காலைல எழுப்பினா எரிஞ்சு விழறா, எப்பவும் ரூம் கதவு சாத்தியே இருக்கு. திமிரா, இல்ல ஏதாவது பிரச்சினையா?

முதலில் தூக்கம். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே இரண்டு மணி நேரம் வரை பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளி தொடங்கும் நேரமோ மாறுவதில்லை. ஆக வாரம் முழுக்க அவள் தூக்கக் கடனில் இருக்கிறாள். அந்த எரிச்சலில் பாதி அதுதான். இரவில் கண்ணுக்கு அருகில் இருக்கும் வெளிச்சத்தைக் குறைப்பதும், காலையில் வெளிச்சத்தில் நிற்கவைப்பதும் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் இழுக்கும். போனைப் பிடுங்குவதைவிட, வீட்டில் எல்லாருடைய போனும் இரவு ஒரே இடத்தில் தூங்கப் போவது நல்லது. எல்லாருடையதும் என்றால் உங்களுடையதும் சேர்த்துத்தான்.

சாத்திய கதவு அந்த வயதுக்கு இயல்பு. தட்டிவிட்டுப் போங்கள். ஆனால் கதவோடு சேர்த்துத் தோழிகள், பிடித்த பாட்டு, பிடித்த விளையாட்டு எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டாள் என்றால் அதைத் திமிர் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

மழைக்காலமோ குளிர்காலமோ வந்தாலே வீட்டுல எல்லாரும் சுருண்டு போயிடறோம். இது மனப்பிரமையா?

இல்லை. வெளிச்சம் குறைந்தால் மனசும் உடம்பும் மந்தமாவது உண்மையான விஷயம். 1984ல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும், ஒவ்வொரு ஆண்டும் பகல் குறையும் மாதங்களில் வந்து வசந்தத்தில் விலகிப்போகும் ஒருவகை மனச்சோர்வை விவரித்தார்கள். அதிகத் தூக்கம், அதிகப் பசி, எதிலும் நாட்டமின்மை அதன் அடையாளங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து தூரத்தில், குளிர்காலத்தில் பகல் மிகவும் சுருங்கும் நாடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் விளக்குக்கு எதிரே சுமார் 30 நிமிடம் உட்காருவது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. கண் நோய் இருப்பவர்களும், இருமுனை மனநிலைக் கோளாறு இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

நோய் என்ற அளவுக்குப் போகாத சாதாரண மந்தத்துக்குக் காலை வெளிச்சமே நல்ல மருந்து. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான் தரும். மேகம் மூடிய வானத்தின் கீழ்கூட ஆயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும். அதனால் மழை விட்ட பத்து நிமிடத்தில் எல்லாரும் வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வருவது வீண் வேலை இல்லை. அப்புறம், நாள் முழுக்க ஒரே கூரைக்குள் அடைந்து கிடக்கும்போது எல்லாருக்கும் தனியாக இருக்க ஓர் இடம் வேண்டும். தனி அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜன்னலோர நாற்காலி ஒன்று போதும். "அங்க உட்கார்ந்தவங்ககிட்ட யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது" என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்துல மட்டும் ஏன் இவ்வளவு எரிச்சல்?

தூக்கம்தான் முக்கியக் காரணம். தூங்குவதற்கு உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். சூடான இரவில் அது நடக்காமல் புரண்டுகொண்டே இருக்கிறோம், மறுநாள் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பணம், படிப்பு, உறவினர் போன்ற கனமான பேச்சுகளை மதிய வெயிலில் எடுக்காமல் இருந்தாலே பாதிச் சண்டை வராது. மனநல மருந்து சாப்பிடுபவர் யாராவது வீட்டில் இருந்தால், வெயில் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். லித்தியம் போன்ற சில மருந்துகள் உடம்பில் நீர் வற்றும்போது ஆபத்தாக மாறும்.

லீவு, பண்டிகைன்னா சந்தோஷமா இருக்கணும். எங்க வீட்டுல பெரிய சண்டை எல்லாம் அப்பதான் வருது.

1967ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு அவை தரும் அழுத்தத்தின்படி மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50. விடுமுறைக்கும் 13 கொடுத்திருந்தார்கள்! நல்லதோ கெட்டதோ, மாற்றம் என்றால் அதற்குத் தன்னைப் பொருத்திக்கொள்ள மனசுக்குச் செலவு உண்டு. விடுமுறையில் தூங்கும் நேரம் மாறுகிறது, செலவு கூடுகிறது, வேலை கூடுகிறது, எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். போதாததற்கு, சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேறு.

நான் சொல்லும் வழி ரொம்பச் சின்னது. ஒரு வாரம் முன்பே எல்லாரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று, "இது இல்லாட்டி எனக்குப் பண்டிகை மாதிரியே இருக்காது" என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒன்று, "இது இல்லாட்டியும் எனக்குப் பரவாயில்ல" என்பதையும் சொல்லுங்கள். வருடா வருடம் ஒருவர் முதுகு ஒடியச் செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்று, வீட்டில் யாருக்குமே தேவைப்படாதது என்று அப்போதுதான் தெரியவரும்.

உறவினர் கூடும் இடத்தில் மார்க், கல்யாணம், உடம்பு எடை என்று பிள்ளைகளைக் குடைவார்கள். யார் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றுவது என்று கணவனும் மனைவியும் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவரவர் பக்கத்துச் சொந்தத்தை அவரவர் சமாளிப்பது நல்லது. தன் சார்பாக ஒருவர் பேசினார் என்பதைப் பிள்ளை ரொம்ப நாள் மறக்காது.

பரீட்சை பயம் பிள்ளைக்கா எனக்கான்னே தெரியல.

பெரும்பாலும் இரண்டு பேருக்கும்தான், உங்களுடையது முதலில். அரை மணிக்கு ஒருமுறை "எவ்வளவு முடிச்ச?" என்று கேட்பது உங்கள் பதற்றத்தைத் தணிக்கத்தான். பிள்ளைக்கு அதனால் ஒரு பக்கமும் கூடுதலாக ஏறாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். ரிசல்ட் வரும் நாளன்று சாயங்காலம் எங்கே போகப்போகிறோம், என்ன செய்யப்போகிறோம் என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். மார்க் எதுவாக இருந்தாலும் அது மாறாது என்பதையும் சொல்லுங்கள், மாற்றாமலும் இருங்கள்.

நான் வீட்டு வேலையில நிறைய உதவி பண்றேன். அப்பவும் என் மனைவி களைச்சுப்போய், சிடுசிடுன்னே இருக்காங்க. நான் வேற என்னதான் செய்யணும்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். "உதவி" என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. வேலை அவருடையது, நீங்கள் கை கொடுக்கிறீர்கள் என்றுதானே அதற்குப் பொருள்? அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019ல் வீட்டு வேலையின் கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான்காகப் பிரித்துக் காட்டினார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசிப்பது, அதற்கு என்னென்ன வழி என்று பார்ப்பது, முடிவெடுப்பது, சரியாக நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பார்த்த தம்பதிகளில் முடிவெடுப்பது மட்டும் ஓரளவு இருவரும் சேர்ந்து செய்வதாக இருந்தது. முன்கூட்டி யோசிப்பதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவி தலையில்.

ஒரு அம்மாவிடம், மனசில் ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மகனின் ஷூ இறுக்க ஆரம்பித்துவிட்டது. மாமியாரின் மாத்திரை வியாழக்கிழமையோடு தீர்கிறது. சின்னவளுக்குத் தடுப்பூசி இந்த மாதக் கடைசி. பள்ளிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் பையின் அடியில் கிடக்கிறது. தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதுல ரெண்டுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அதனால் வேலையைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள், முழுதாக வாங்குங்கள். மாத்திரை என்றால் தீரப்போவதைக் கவனிப்பதிலிருந்து வாங்கிவைப்பது வரை உங்களுடையது, ஞாபகப்படுத்தவும் அவர் தேவையில்லை. மனைவிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்தபின் "இப்படியா மடிக்கறது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் கண்காணிக்கும் வேலை திரும்பவும் உங்கள் தலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆச்சு. காரணமே இல்லாம அழறா. குழந்தைய வெச்சுக்கிட்டு அழக் கூடாதுன்னு பெரியவங்க திட்டறாங்க.

பிரசவம் முடிந்த முதல் சில நாட்களில் அழுகையும் தடுமாற்றமும் மிகப் பெரும்பாலான தாய்மாருக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். இருபது நாளாகியும் அடங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது சிகிச்சையில் குணமாகக்கூடியது, வளர்ப்பிலோ பாசத்திலோ குறை என்று அர்த்தம் இல்லை. திட்டுபவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியதும் அதுதான். அவளுக்கு இப்போது கிடைக்க வேண்டிய பெரிய உதவி, இரவில் நான்கைந்து மணி நேரம் இடைவிடாத தூக்கம்.

இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்று தோன்றுவதாகச் சொன்னாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அபூர்வம்தான், ஆனால் அவசரம்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகுது. அம்மா நல்லாத்தான் இருந்தாங்க, இந்த மாசம் வந்ததும் பழையபடி ஆயிட்டாங்க.

துக்கம் படிப்படியாக இறங்கி ஒரு நாள் முடிந்துபோகும் என்று நினைக்கிறோம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று பலரும் சொல்லும் ஐந்து கட்டக் கணக்கு, 1969ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதியது. தங்கள் மரணத்தை எதிர்கொண்ட நோயாளிகளைப் பார்த்து எழுதியது அது. இழந்தவர்களின் துக்கத்தை, 1999ல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எனக்கு நன்றாக விளக்குகிறது. மனசு ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வருகிறது: ஒரு பக்கம் இழப்பை நினைத்து அழுவது, இன்னொரு பக்கம் மின்கட்டணம் கட்டுவது, பேரனோடு சிரிப்பது. இரண்டும் தேவை. இறந்த மாதம், பிறந்த நாள், அவர் எப்போதும் உட்காரும் இடம், இவை ஊஞ்சலைத் திடீரென்று பின்னால் இழுக்கும். அந்த நாட்கள் வரப்போவது தெரிந்ததுதானே? முதல் நாளே அம்மாவிடம், "நாளைக்கு உங்ககூட இருக்கட்டுமா, தனியா இருக்கணுமா?" என்று கேட்டுவிடுங்கள். ஓராண்டு கடந்தும் அன்றாட வேலைகள் எதுவும் செய்ய முடியாமல், அநேகமாகத் தினமும் அதே தீவிரத்தில் இருந்தால் மருத்துவ உதவி தேவை.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதும் இதோடு வரும் கேள்வி. "தூங்கறாங்க", "வெளியூர் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். அப்புறம் குழந்தை தூங்கவே பயப்படும், யார் ஊருக்குக் கிளம்பினாலும் அழும். "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. இனிமே வர மாட்டார்." சொல்ல நமக்குத்தான் கஷ்டம். அதே கேள்வியைப் பத்து முறை கேட்கும், பத்து முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு மறதி நோய். என்னையே யாருன்னு கேக்கறாங்க. அவங்க இருக்கும்போதே துக்கமா இருக்கு, அப்படி நினைக்கறது பாவமா?

பாவமே இல்லை. ஆள் இருக்கிறார், நாம் அறிந்த ஆள் இல்லை. இப்படி முடிவு தெரியாத இழப்புக்கு பாலின் பாஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர் "தெளிவற்ற இழப்பு" என்று தனிப் பெயரே கொடுத்தார். சடங்கு இல்லாத, யாரும் வந்து ஆறுதல் சொல்லாத துக்கம் இது. அதனால் நீங்களே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாமியார் தப்பாகச் சொல்வதைத் திருத்தி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "நீங்க யாரு?" என்றால், "உங்களப் பாத்துக்கறவ" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் மறந்தாலும், பிடித்த கையின் இதம் அவருக்குப் புரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஆறு மாசமா சரியில்ல. டாக்டர்கிட்ட போலாம்னா "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு கத்தறார்.

"மனநல" என்ற சொல்லை விட்டுவிட்டு உடம்பிலிருந்து தொடங்குங்கள். தூக்கமின்மை, தலைவலி, களைப்பு என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே போகலாம். இது ஏமாற்று வேலை இல்லை. தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும்கூடச் சோர்வையும் மனத்தளர்ச்சியையும் கொண்டுவரும், அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை. கோபமாக, குடியாக, வீட்டுக்கு வராமல் இருப்பதாக வரும். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இப்படி இருந்தால் அது குணக்கேடு என்று ஒதுக்கக்கூடியது இல்லை. அவர் வரவே மாட்டார் என்றால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொண்டு வரலாம்.

பையன் "செத்துப்போனா நல்லாருக்கும்"னு சொன்னான். அதப்பத்திக் கேட்டா நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, மறைத்துவைத்திருந்தவருக்குக் கேட்பது ஆறுதலாக இருக்கிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" அவன் ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கூர்மையான பொருள் எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள் அல்லது வீட்டைவிட்டு அகற்றுங்கள். அந்த வேகம் பல நேரம் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கையில் எதுவும் கிடைக்காமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும். அன்றைக்கே மருத்துவரிடமோ உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள். விளையாட்டுக்குச் சொன்னான் என்றாலும் கேளுங்கள்.

எல்லாரையும் நான்தான் பாத்துக்கறேன். எனக்கு மனசு சரியில்லன்னா நான் யார்கிட்ட போறது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டி, கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்பார்கள். நான் திரும்ப உட்காரச் சொல்வேன். டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1950களிலேயே சொன்னார்: குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும். சின்னச் சின்ன ஏமாற்றங்களைத் தாங்கித்தான் குழந்தை வளர்கிறது. சண்டைக் கேள்விக்குச் சொன்ன அந்த 30 சதவீதத்தை இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் திரும்ப உட்கார்ந்த ஒருவர், மேலே சொன்ன தாளின் இரண்டு பக்கத்தையும் நிரப்பியவர்தான். புதன்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் தனக்கு என்று கேட்டு வாங்கினார். பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய தோழியோடு போனில் பேசிக்கொண்டே நடப்பார். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் அழைக்கக் கூடாது என்று ஏற்பாடு. முதல் வாரம் நான்கு முறை அழைப்பு வந்ததாம், சீப்பு எங்கே என்பது உட்பட. மூன்றாவது வாரம் ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னவள் தலை கோணலாகப் பின்னப்பட்டிருந்தது. அவர் அதைத் திருத்தவில்லை.